ஓடுபாதையில் அறுபது ஆடுகள்

கிளெனிஸ் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. தலைக்கு மேலே டாக்டரின் விமானம் இறங்க முடியாமல் மூன்றாவது முறையாகச் சுற்றியது. கீழே, செம்மண் ஓடுபாதையில், செம்மறி ஆடுகள். அறுபது இருக்கும். வண்டியைக் கண்டு அவை ஓடவில்லை. வண்டியை நோக்கி வந்தன.

இறங்கி ஒன்றைக் காலைப் பிடித்து இழுத்து ஓரத்தில் போட்டாள். அது எழுந்து மறுபடி வந்தது. திட்டினாள். கல்லை எறிந்தாள். திரும்ப ஏறி ஹார்னை அடித்தாள். ஓரத்தில் நின்றவையும் இப்போது நடுப்பாதைக்கு வந்துவிட்டன.

அப்போதுதான் உறைத்தது. எட்டு மாதமாக இதே வண்டி, இதே ஹார்ன். ஹார்ன் கேட்டால் வண்டியில் ஓட்ஸ் மூட்டை இருக்கும். பஞ்சத்தில் இந்த ஆடுகள் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

ஹார்னை அடித்தபடியே வண்டியை மெல்ல வேலிக்கு வெளியே ஓட்டினாள். எல்லாம் வரிசையாகப் பின்னால் வந்தன. இதைப் பத்து நிமிடம் முன்பே செய்திருக்கலாம்.

வேலிக் கதவை இழுத்துக் கட்டும்போதுதான், உள்ளே வரும் அவசரத்தில் அவிழ்த்துப்போட்ட கம்பியைப் பார்த்தாள். இடப்பக்கமாக மூன்று முறுக்கின் தடம். வலது கையில் இரண்டு விரல் இல்லாத ஆள் மட்டுமே அப்படி முறுக்குவான். அந்தப் பண்ணையில் அப்படி ஒருவர்தான் உண்டு. அவருக்காகத்தான் விமானம் வந்திருந்தது.

விமானம் வீட்டுக்குப் பக்கத்து முனையில் இறங்கி நின்றது. ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனபோது டாக்டர் பையை மூடிக்கொண்டிருந்தார். முப்பது வயதுகூட இருக்காது.

"உயிர் போயி கால் மணி நேரம் ஆயிருக்கும். முன்னாடியே எறங்கியிருந்தா ஒருவேளை..." என்று தொடங்கியவர், கிளெனிஸின் அம்மா டல்சியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நிச்சயமா சொல்ல முடியாதும்மா."

டல்சி கணவனின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மெர்வினின் பூட்ஸைக் கழற்றிவிட்டிருந்தாள். ஒரு காலுறையில் ஓட்டை.

"ஓடுபாதையில ஆடு எப்படி வந்துச்சு?" என்றாள், மகளைப் பார்க்காமல்.

வாசலில் நின்றிருந்த நெவில் தொப்பியைக் கையில் எடுத்தான். முந்தின நாள்தான் புல்டோசரோடு வந்திருந்தான். அந்த வருஷம் கம்பளி யாருக்கும் வேண்டாததாகிவிட்டது; ஆடுகளைச் சுட்டுப் புதைக்கச் சொல்லி அரசாங்கமே கடிதம் போட்டது. எழுநூறு ஆட்டுக்குக் குழி தோண்ட நெவில். சுட கிளெனிஸ். மெர்வின் அந்தப் பேச்சையே காதில் வாங்கவில்லை. நேற்று ராத்திரி சாப்பிடும்போது மகளிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "கசாப்புக்காரி."

"மிஸஸ், நேத்து சாயங்காலம் நாயைக் கூட்டிட்டு..." என்றான் நெவில்.

"நெவில்," என்றாள் கிளெனிஸ். அம்மா பக்கம் திரும்பினாள்.

"நான்தான் விட்டேன். அங்க மட்டும்தான் கொஞ்சம் புல்லு இருந்துச்சு. காலைல எடுத்துடலாம்னு நெனச்சேன். மறந்துட்டேன்."

நல்ல மனசு என்று ஒன்றும் இல்லை. 'உன் புருஷன் நல்ல ஆடுகளை என்னிடமிருந்து ஒளித்துவைக்கப் போய்த் தன் சாவுக்குத் தானே கதவைக் கட்டிவிட்டு வந்தார்' என்று அந்த அறையில் அம்மாவிடம் சொல்வதைவிட இது சுலபம். தவிர, ஹார்ன் அவள் அடித்ததுதான்.

"ஹார்ன் சத்தம் அவருக்குக் கேட்டுச்சு," என்றாள் டல்சி. "நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டே சிரிச்சாரு. 'பாரு, தீனி போடறா. சுட மாட்டா'ன்னாரு."

மெர்வினின் மூக்கில் உட்கார்ந்த ஈயை டல்சி விரட்டினாள்.

"உன் கையில பண்ணையைக் குடுக்காதீங்கன்னு நான்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன். அவருதான் கேக்கல."

விமானத்தில் பிணத்தை ஏற்ற மாட்டார்கள். டவுனிலிருந்து போலீஸ் வண்டி வர சாயங்காலம் ஆகும் என்று சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பினார். விமானம் கிளப்பிய செம்புழுதி நெடுநேரம் அடங்கவில்லை. மெர்வினின் தாத்தா இந்த நிலத்துக்கு வந்தபோது அங்கே இடுப்புயரம் உப்புச்செடிப் புதர் இருந்ததாம். ஐம்பது வருஷத்தில் ஆடுகள் அதை வேரோடு தின்று முடித்தன. மீதி ஐம்பது வருஷம் குடும்பம் மழையைத் திட்டிக்கொண்டிருந்தது.

குழியின் விளிம்பில் நெவில் புல்டோசரில் ஏறாமல் நின்றான்.

"இன்னிக்கு வேணாம்னா விட்டுடு, கிளெனிஸ்."

"நாளைக்கு நீ இருப்பியா?"

"அடுத்த பண்ணைக்குப் போகணும். அங்க நாலாயிரம்."

"அப்ப என்ன கேள்வி?"

அவன் காலால் மண்ணைத் தள்ளினான். "அந்த அறுபது? பெருசு பாத்துப் பாத்து வளத்தது. கம்பளியைப் பாரு, இந்தப் பஞ்சத்துலயும் எப்படி இருக்கு."

"ஓட்ஸ் எத்தனை மூட்டை இருக்கு தெரியுமா?"

"தெரியாது."

"நாலு. எனக்கும் சேத்து."

அவன் சிரிக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டான்.

துப்பாக்கி சூடேறிக் கையில் பிடிக்க முடியாமல் போனபோதெல்லாம் நிறுத்தினாள். வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அந்த வெயிலில் அம்மா எல்லா ஜன்னலையும் சாத்தியிருந்தாள். அந்த அறுபதையும் கிளெனிஸ் கடைசியில் ஓட்டிவந்தாள். அவை தள்ளாமலே வந்தன. நெவில் புல்டோசரில் ஏறி மறுபக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

போலீஸ்காரர் வந்தபோது குழி மூடியாகிவிட்டது. அவரும் நெவிலும் மெர்வினைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். கால் பக்கம் பிடிக்க கிளெனிஸ் போனாள்.

"ரெண்டு பேர் போதும்," என்றாள் டல்சி.

ரொம்ப தூரம் போகணும், சாப்பிட்டுப் போங்க என்று அவரை உள்ளே கூப்பிட்டாள். கிளெனிஸ் தொட்டித் தண்ணீரில் முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். உள்ளே வந்தபோது மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, ரொட்டி. மூன்று தட்டு.

நெவில் தன் தட்டைப் பார்த்தான். போலீஸ்காரர் ஜன்னலைப் பார்த்தார்.

கிளெனிஸ் அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்துவந்து, அப்பா உட்காரும் பக்கத்தை விட்டு, ஓரத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"உப்பு," என்றாள்.

டல்சி உப்பை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, நெவிலிடம் கொடுத்தாள்.