நடுவில் ஒரு நல்ல நாள்

கஞ்சி போட்ட பாவு நூல் என்றால் எலிகளுக்கு விருந்துதான். தறியில் ஏற்றி இரண்டு முழம்கூட நெய்யவில்லை, அதற்குள் பட்டிழைகளைக் கடித்துக் குதறிவிட்டன, பாழாய்ப்போனவை. ஸ்வர்ணலதாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆரணிக் கடைத்தெருவில் எலிப்பசை விஷம் வாங்கி வந்து, பழந்துணி ஒன்றில் தடவித் தறிக்குழி ஓரத்தில் செருகினாள். கணவன் ஜெகநாதனிடம் சொல்ல நினைத்தாள். வீட்டு வேலையில் மறந்தே போனாள்.

அறுந்த இழையை முடிய, விரலை எச்சில் தொட்டு முறுக்குவது நெசவாளிக்குக் கைப்பழக்கம். அன்று அறுந்த இழைகளுக்குக் குறைவா? ஜெகநாதன் கை வியர்த்த போதெல்லாம் அந்தத் துணியிலேயே துடைத்தான். உடனே விரலை நாக்கில் வைத்தான். சளி பிடித்த மூக்குக்கு நாற்றம் எங்கே தெரியும்?

சாயங்காலம் வாந்தி எடுத்தான். “கண்ணமங்கலத்துல துன்ன பிரியாணிதான் பேஜார் பண்ணுது” என்றான். அவளும் நம்பினாள்.

மறுநாள் தறிக்குழியைப் பெருக்கும்போதுதான் கசங்கிப்போன துணி கையில் கிடைத்தது. அவன் அதில்தான் கை துடைத்திருக்கிறான். ஓடிவந்து பார்த்தால், ஆசாமி எழுந்து உட்கார்ந்து மீன் குழம்பு கேட்கிறான்.

“ஒடம்பு எப்டிங்க கீது?”

“எனக்கு இன்னா? நல்லாத்தான் கீறேன். ஜல்தியா சோத்தப் போடு.”

நல்லாகிவிட்டாரே, இனி எதற்குச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வது? துணியைக் குப்பையில் எறிந்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அன்று அவன் குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்; அவளுடைய கொண்டையைக் கேலி செய்தான். கல்யாணமான புதிதில் இருந்தது போல இருந்தது. பாவி, அவள் சந்தோஷப்பட்டாள்.

அதற்கடுத்த நாள் கண் மஞ்சளானது. “மஞ்சக்காமாலதான் அண்ணி, கீழாநெல்லி குடுத்தா சரியாப் பூடும்” என்றான் மைத்துனன் குமரேசன். அப்போதும் அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை என்னவென்று சொல்வது? ஈறில் ரத்தம் கசிந்த பிறகுதான் வேலூருக்கு ஓடினார்கள்.

“என்ன சாப்பிட்டார், எப்போ சாப்பிட்டார்? அதை வெச்சுதான் வைத்தியம் கேட்குமான்னு கணிக்க முடியும்” என்றார் டாக்டர் கலையரசி.

குமரேசன் பக்கத்திலேயே நின்றிருந்தான். ஸ்வர்ணலதா தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள், துணி கையில் கிடைத்ததையும் சேர்த்து. குமரேசன் வெளியே போய்விட்டான்.

“எலிப்பசை இப்படித்தாம்மா ஏமாத்தும்” என்றார் டாக்டர். “நடுவுல ஆளை நல்லா வெச்சிருக்கும், உள்ளே ஈரலை அரிச்சிட்டிருக்கும். அந்த நல்ல நாள்ல கூட்டிட்டு வந்திருந்தா நான் தைரியமா பேசியிருப்பேன். இப்போ ரத்தத்துல இருக்கிற பிளாஸ்மாங்கிற நீரை எடுத்துட்டு வேற நீர் ஏத்துறோம். அப்புறமும் ரத்தம் உறைய இப்போ மாதிரியே ரொம்ப நேரம் எடுத்தா, ஈரல் வைத்தியத்துக்குக் கேட்கலைன்னு அர்த்தம்.”

“கேக்கலன்னா, டாக்டரம்மா?”

“வேற ஈரல் வைக்கணும். அது கிடைக்கிற வரைக்கும் அவர் தாங்கணும்.”

நீரை மாற்றினார்கள். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் உறையவே மாட்டேன் என்றது. டாக்டர் அவள் தோளில் கை வைத்து, “உறையுற நேரம் குறையலைம்மா” என்றார். வேறு ஈரலுக்குப் பதிந்திருப்பதாகவும் சொன்னார். அந்தக் குரலில் நம்பிக்கை இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

உள்ளே விட்டபோது ஜெகநாதனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. விஷம் மூளையையும் குழப்பிவிட்டது. போர்வை ஓரத்தில் பிரிந்திருந்த நூலைத் தேடிப் பிடித்து, தறியில் உட்கார்ந்திருப்பவனாட்டம் முடிந்துகொண்டிருந்தான். நூல் முறுக்கேறவில்லை. எச்சில் தொட விரலை வாய்க்குக் கொண்டுபோனான்.

ஸ்வர்ணலதா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

“வாணாங்க” என்றாள். “அதுல எலி மருந்து கீதுங்க.”

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது. அவன் கையை இழுத்துப் பார்த்தான், அவள் விடவில்லை.