துண்டுக்குள் ஒரு கை

என் வலக்கை ஆள்காட்டி விரலைப் பத்தாயிரத்துக்குக் கேட்கிறான் ஒருவன், முகம் தெரியவில்லை, துண்டுக்கடியில் அவன் கைச்சூடு மட்டும் தெரிகிறது, விரலை விற்றுவிட்டால் அப்புறம் எதை வைத்து விலை பேசுவது என்று சிரிக்கிறேன், வாய் ஒரு பக்கமாகக் கோணுகிறது, விழித்தால் கட்டில், கஞ்சிக் கிண்ணத்தோடு என் மனைவி பொன்னாத்தாள், பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததிலிருந்து எது சந்தை எது வீடு என்று இப்படித்தான் கலங்குகிறது, மாட்டுத் தரகனுக்கு வாய் சும்மா ஊரைச் சிரிக்கவைக்க, விலை பேசுவது விரல்தான், துண்டைப் போர்த்திக்கொண்டு ஒரு விரலைப் பிடித்தால் பத்தாயிரம், இரண்டைப் பிடித்தால் இருபது, சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது, அந்தக் கைதான் இப்போது யாரோ மறந்து வைத்துப்போன சாமான்போல என் வயிற்றின்மேல் கிடக்கிறது, மூளையில பழைய தடம் அடைஞ்சுபோச்சுங்கய்யா, பக்கத்துல புதுசாத் தடம் போட்டுக்கும், ஆனா நீங்க கைய வேலை வாங்கிட்டே இருக்கோணும் என்கிறாள் பயிற்சி கொடுக்க வருகிற ஜெனிபர், மஞ்சள் பந்து ஒன்றைத் திணித்து அமுக்குங்க அமுக்குங்க என்கிறாள், பந்தை அமுக்கி எவனம்மா பிழைத்தான், இந்தக் கை திரும்பாவிட்டால் சந்தையில் நானும் வேடிக்கை பார்க்கிறவன்தான், தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை.

ஈசாக் ராவுத்தர் வருகிறார், காலமெல்லாம் எனக்கு எதிராக நின்று விலை பேசிய தரகர், நலம் விசாரிக்கிற சாக்கில் கண் என் காங்கேயம் மாட்டுச் சோடிமேல், மாப்ளே, படுத்துக்கிட்டு எதுக்குத் தீனி அழுவுறே, தள்ளிவுட்டுரு, அவருக்குக் கை வராதுங்க பாய், வாயிலயே சொல்லுங்க என்கிறாள் பொன்னாத்தாள், வாயில சொன்னா அது யாவாரமா தங்கச்சி, இடக்கையை நீட்டுவது எங்களுக்கு ஆகாது, பழக்கதோஷத்தில் தோள்துண்டை விரித்துச் செத்துக் கிடந்த வலக்கையையே எடுத்துக்கொள்கிறார், நான்கு விரல்களைப் பிடிக்கிறார், நாற்பதாயிரம், சோடிக்கா, அடப்பாவி, ஒற்றை மாட்டுக்கே காணாதே, அடிவயிற்றிலிருந்து கோபம் கிளம்பித் தோளில் முட்டி நிற்கிறது, வழியில்லை, திரும்புகிறது, எங்கோ வேலியைப் பிய்த்துக்கொண்டு இறங்குகிறது, ஆள்காட்டி விரல் அவர் உள்ளங்கையைச் சுரண்டுகிறது, எங்கள் தொழிலில் அதற்கு, போய் வேறு ஆளைப் பார் என்று அர்த்தம்.

ராவுத்தர் துண்டை எடுக்கவில்லை, என்னாச்சுங்க பாய், ஒண்ணுமில்ல தங்கச்சி, உம்புருசன் கட்டுப்படியாகாதுங்கறான் என்கிறார், பந்தைத் தூக்கிப் போடுங்கய்யா, பாயை வரச்சொல்லுங்க என்கிறாள் மறுநாள் நடந்ததைக் கேட்ட ஜெனிபர், அவரும் சாயங்காலமானால் வருகிறார், வாங்கத்தான் வருகிறாரா என்று நான் கேட்கவில்லை, கேட்டால் விலை இறங்கிவிடும், துண்டுக்கடியில் அவர் விலை ஏற்ற, நான் சுரண்ட, வெளியே அந்தி எப்போது சாய்ந்தது தெரியவில்லை, மாடு இன்னும் கொட்டகையில்தான், ஐந்தில் இரண்டு விரல் வரவு, மூன்று பாக்கி.