தெரசம்மாள் போடாத கையெழுத்து

மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்குக் களை எடுக்கப் போன தெரசம்மாள், கொல்லை நடுவிலிருந்த பாறை மேல் நான்கு பேர் ஏறி வெடிக்குத் துளை போடுவதைப் பார்த்தாள். சந்தவாசலுக்கு அப்பால் மலையடியில் இருந்த அந்த இரண்டு ஏக்கர் கொல்லையை, அப்பா சந்தியாகப்பன் கல்யாணத்தின்போது அவள் பேருக்கே எழுதிக் கொடுத்திருந்தார். இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் வருஷத்திலும் பட்டா அவள் பேரில்தான் இருந்தது.

யாரைக் கேட்டு ஏறினீர்கள் என்றாள். கல் உடைக்க பர்மிட் வந்துவிட்டது, நிலத்துக்காரர் சம்மதக் கடிதம் கொடுத்திருக்கிறார் என்றான் மேஸ்திரி காசி. அவன் காட்டிய நகலில் அவள் புருஷன் அமலநாதனின் கையெழுத்து இருந்தது.

அன்று அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள். வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். அமலநாதன் வந்ததும் கேட்டாள். பாறையை மட்டும்தான் எடுப்போம், நிலம் உங்களுடையதுதான் என்று, பர்மிட் வாங்கிய கல்குவாரிக்காரர் சொன்னாராம். வெடித்த கல் எங்கே விழும், கிணறு என்ன ஆகும் என்று அவன் கேட்டிருக்கவில்லை.

மறுநாளே போளூர் தாலுகா ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தாள். விசாரணை முடியும்வரை வெடி வைக்கக் கூடாது என்று சொல்லிவைத்தார்கள். விசாரணைக்குக் கூப்பிட பதினெட்டு நாள் ஆனது. ஆனாலும் மலையில் இடி இடித்தால்கூட வெடியோ என்று கொல்லைக்கு ஓடினாள். கையெழுத்து செல்லாது என்று சொன்னால் புருஷனைப் போலீசில் பிடித்துக்கொடுத்தது போல் ஆகிவிடுமோ என்ற பயம் வேறு. பங்குச் சாமியாரைக் கேட்கலாமென்று மாதா கோயில்வரை நடந்து, கேட்காமலே திரும்பினாள்.

விசாரணையில் அமலநாதன் பக்கத்திலேயே தலைகுனிந்து நின்றான். குடும்பத் தலைவர் கையெழுத்து போதாதா என்றான் குவாரிக்காரரின் ஆள். அதிகாரி அவளைப் பார்த்தார்.

"அவரு ஏமாத்தலிங்க. அவரு பேரைத்தான் போட்டிருக்காரு. ஆனா கொல்ல எம் பேர்ல இருக்குதுங்க. என்னை யாரும் கேக்கல." சொல்லிவிட்டுப் பட்டாவை மேஜைமேல் வைத்தாள்.

அதிகாரி பட்டாவையும் கடிதத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பட்டாதாரர் சம்மதம் இல்லாமல் அந்த நிலத்தில் கல் எடுக்க முடியாது என்று சொல்லி, பர்மிட்டை ரத்து செய்ய எழுதினார். அவள் சம்மதித்தால் புதிதாக மனு போடலாம் என்றும் சொன்னார்.

ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். நாலு நாள் அமலநாதன் அவள் முகத்தையே பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் குவாரிக்காரரின் ஆள் வந்து, மறுபடியும் அவனைத்தான் கூப்பிட்டான்.

"என்னை இன்னாத்துக்குக் கேக்கற? நிலத்துக்காரி வூட்டுக்குள்ள இருக்கறா. அவளைக் கேளு."

தெரசம்மாள் வெளியே வந்து, முடியாது என்றாள். யோசித்து வையுங்கள், திரும்ப வருகிறேன் என்று அவன் சைக்கிளைத் திருப்பினான். வருவான் என்று இருவருக்கும் தெரியும். அமலநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு, கொல்லையை ஒரு பார்வை பார்த்து வருகிறேன் என்று கிளம்பினான். நானும் வருகிறேன் என்று தெரசம்மாள் கதவைச் சாத்தினாள்.