களுதாவளைப் பெட்டி

1.

"என்ர பேராம் புள்ள! பதிவுப் புத்தகத்தில களுதாவளைப் பெட்டி என்ர பேரில இரிக்காம்!"

"பொறுங்க ராத்தா, கத்தாதங்க, கந்தோர் முழுக்க..."

"கத்தாம? நாலு மணிக்கு வாறானுகளாம். நானா அந்த லிஸ்ற்ற..."

"நீங்க அடிக்கல்ல ராத்தா."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் வந்தது, முகமில்லாத இரண்டு குரல்களாக. அவர்களுக்குக் கதிரை போட்டு உட்காரவைப்பது மட்டும் என் வேலை. போடுகிறேன்: 2009 வைகாசி, செங்கலடியில் ஒரு நிவாரண அலுவலகம். கத்துபவர் ஏறாவூர் ஸஹீதா, கடிதங்கள் அடிப்பவர். அடக்குபவள் தனுஷியா, கணினிகளைப் பார்ப்பவள்.

2.

வாவி அமைதியாகக் கிடந்

(வெட்டிவிட்டேன். அந்த மாதம் யார் வாவியைப் பார்த்தார்கள்? காது முழுக்க வாகனச் சத்தத்தில் இருந்தது.)

மேசைகளில் இருந்தவை முழுக் கணினிகள் அல்ல. சோற்றுப் பார்சல் அளவான பெட்டிகள். சுனாமிக்குப் பிறகு வந்தவை. களுதாவளை போல அலை அடித்த ஊர்களின் பெயர்களையே அவற்றுக்கு வைத்தார்கள். எந்தப் பெட்டி யாருடைய மேசையில் என்பது பதிவுப் புத்தகத்தில் இருக்கும். வேலையெல்லாம் நடப்பது கொழும்பிலுள்ள பெரிய கணினியில். எல்லாரும் ஒரே கடவுச்சொல்லில் நுழைவதால் கொழும்புக்கு ஆள் தெரியாது, பெட்டியின் பெயர்தான் தெரியும்.

காணாமற்போன முப்பத்தொரு பேரின் பட்டியல் ஒன்று வெளியே போய்விட்டது. அடித்தது களுதாவளைப் பெட்டியில் என்று கொழும்பு சொல்லிவிட்டது. அடித்த ஆளைக் கூட்டிப்போக வருகிறார்கள். [வருவது யார் என்று எழுதினேன், அழித்தேன்.]

3.

போன மார்கழி மழையில் கூரை ஒழுகி, மேசைகளை இழுத்துப் போட்டபோது பெட்டிகள் மாறின. பெயர் ஒட்டிய தாள்கள் நனைந்து உரிந்தன. பதிவுப் புத்தகத்தை ஒருவரும் திருத்தவில்லை. வெளியே பார்த்தால் எல்லாப் பெட்டியும் ஒன்றுதான். உள்ளே நுழைந்துதான் பெயர் கேட்க வேண்டும்.

பட்டியலை அடித்தவள் தனுஷியா. ஒன்பதாவது பெயர் அவளுடைய அண்ணன். (இதைக் கடைசியில் சொல்ல நினைத்திருந்தேன். உங்களிடம் ஒளிக்க மனம் வரவில்லை.)

தான் அடித்த பெட்டி எதுவென்று பார்க்க, தன் மேசையில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்தாள். கணினியின் பெயரைக் கேட்டாள்.

"பாருங்க ராத்தா, கொழும்பெண்டுதான் காட்டுது." மூச்சு வந்தது அவளுக்கு.

திரையின் முதுகுப்பக்கம் நின்ற ஸஹீதா எட்டிப் பார்க்கவில்லை. "அது கொழும்புப் பெரிசிட பேரு. எனக்கே தெரியும். ஒனக்கு முன்னால இரிக்கிற பெட்டிட பேரக் கேளு."

கேட்டாள். விரல் மூன்று தரம் பிழையாக விழுந்தது. நாலாம் தரம் பதில் வந்தது.

களுதாவளை.

4.

முடிவு ஒன்று: தனுஷியா திரையை மூடுகிறாள். பதிவுப் புத்தகம் பேசுகிறது. ஸஹீதாவை வாகனத்தில்

வேண்டாம்.

முடிவு இரண்டு: "நான்தான்" என்று எழும்புகிறாள். பிறகு அந்த வீட்டில் அண்ணனைத் தேட ஆர்? அவளைத் தேட ஆர்?

நீங்களே எழுதுங்கள். இதற்கு மேல் தனுஷியாவின் குரல் எனக்குக் கேட்கவில்லை. வெளியே பிரேக் பிடிக்கும் சத்தம், கேற்றுச் சங்கிலியின் சத்தம், பிறகு மற்றக் குரல்:

"என்னகா காட்டுது? வாயத் திற புள்ள, கேற்றத் திறக்கானுகள்."