பிள்ளைக் காம்பரா டீச்சர் ஓடுகிறாள்

"டீச்சர், ஒங்க காலு தூங்குதா?"

டிலானி இப்படிக் கேட்டபோது அவளுக்கு நான்கு வயது நிறைந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. முற்றத்தில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பிரான்சிஸ்கா வழக்கம்போல வாசற்படியில் உட்கார்ந்து, "மெதுவா, மெதுவா" என்று குரலால் மட்டும் அவர்களைத் துரத்திக்கொண்டிருந்தாள். டிலானி ஆட்டத்தை விட்டு வந்து, டீச்சரின் பாதத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள். எழுப்பிவிடக் கூடாதே என்பதுபோலக் குரலைத் தணித்துக் கேட்டாள். பிரான்சிஸ்காவுக்குச் சிரிப்பு வந்தது. "ஆமா கண்ணு, நல்லா தூங்குது. நீ போயி வெளயாடு" என்று அனுப்பிவிட்டாள்.

பசறைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில், தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளையும் சிறுவர்களையும் விட்டுப்போகிற இடம் பிள்ளைக் காம்பரா. பதினெட்டு வருடமாக பிரான்சிஸ்காதான் அதைப் பார்த்துக்கொள்கிறாள். இப்போது அவளிடம் பன்னிரண்டு பிள்ளைகள். பகலில் அவர்களுக்குச் சோறும் பருப்பும், மூன்று மணிக்கு பிஸ்கட்டோ அவித்த கிழங்கோ கொடுப்பாள். பிள்ளைகள் என்றால் மிச்சம் வைக்கத்தானே செய்யும். ஒரு கோப்பையில் ஒரு பிடி, இன்னொன்றில் இரண்டு வாய், பாதி கடித்த பிஸ்கட். ஆண்டவர் தந்த சாப்பாட்டைக் குப்பையில் போட அவளுக்குக் கை வராது. கோப்பைகளைக் கழுவுமுன் ஒவ்வொன்றாக வழித்துச் சாப்பிட்டுவிடுவாள். அதற்குப் பிறகு தன்னுடைய பகல் சோற்றையும் சாப்பிடுவாள். வீட்டுக்குப் போனால் கோதுமை மா ரொட்டி, மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி. மூன்று வருடத்துக்கு முன்பே சீனி வியாதி என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஞாபகம் வந்த நாட்களில் போட்டுக்கொள்வாள்.

டிலானி கேட்டு ஒன்பதாம் நாள், பின்னேரம் மூன்றரை மணிக்கு, பாண் ரொட்டி விற்கும் றிகாஸின் ஆட்டோ பாட்டைப் போட்டுக்கொண்டு ரோட்டில் வந்தது. அந்தப் பாட்டுக்குப் பிள்ளைகள் எல்லாருமே துள்ளுவார்கள். அன்றைக்கு கேட்டின் தாழ்ப்பாளைப் போட பிரான்சிஸ்கா மறந்திருந்தாள். டிலானி கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். வளைவுக்கு மேலே கொழுந்து லொறி இறங்கிவரும் சத்தம் கேட்டது. பிரான்சிஸ்கா எழுந்து ஓடினாள். ஓடினாள் என்று சொல்வதற்கில்லை. எட்டு அடி வைப்பதற்குள் மூச்சு நெஞ்சில் முட்டிக்கொண்டது. முழங்கால் மடங்கி, முற்றத்தின் நடுவில் கையை ஊன்றி விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்து பிள்ளையின் சிவப்புக் கவுன் ரோட்டில் இறங்குவதை அவள் பார்த்தாள். கூப்பிடக்கூட மூச்சு இல்லை.

கொழுந்தை நிறுவையில் கொடுத்துவிட்டு அந்த வழியாக வந்துகொண்டிருந்த ஜீவராணி, தோளில் கிடந்த கொழுந்துப் பையை எறிந்துவிட்டுப் பாய்ந்தாள். பிள்ளையின் கவுனைப் பிடித்து ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இழுத்துக்கொண்டு உருண்டாள். லொறி பத்து அடி தள்ளிப்போய் நின்றது. டிரைவர் தலையை நீட்டி ஏசினான். றிகாஸ் ஆட்டோவை நிறுத்தி, பாட்டை அணைத்துவிட்டு, இறங்கி ஓடிவந்தான்.

அன்று மாலை டிலானியின் தாயிடம் பிரான்சிஸ்கா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்தத் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போனாள். இரவெல்லாம் பிரான்சிஸ்கா ஜெபமாலையைப் பிடித்தபடி கிடந்தாள். நாளைக்கு அந்தப் பிள்ளையைக் கொண்டுவருவார்களா? தன் பிள்ளை என்றால் தான் கொண்டுவருவாளா? விடிந்ததும் முதல் ஆளாக வந்து நின்றது டிலானியின் தாய்தான். பிள்ளையை இறக்கிவிட்டு, "ஒங்களத்தான் நம்பி விட்டுட்டுப் போறேன் டீச்சர்" என்றாள். முன்பு எத்தனையோ முறை கேட்ட வார்த்தைதான். அன்று அதைக் கேட்டதும் பிரான்சிஸ்கா நேரே போய்க் கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டு, இழுத்துப் பார்த்தாள்.

லொறி டிரைவர் ஆபீசில் சொல்லியிருந்தான். காலைப் பெரட்டில், வேலைக்குப் பிரிக்க ஆட்கள் எல்லாரும் கூடி நின்ற இடத்தில், கேட்டைத் திறந்துவிட்டது யார் என்று தோட்டத்து ஆபீஸ் ஐயா கேட்டாராம். "நான்தாங்க. உள்ள தண்ணி குடிச்சிட்டு சாத்தாம வந்துட்டேன்" என்று ஜீவராணி சொன்னாளாம். அத்தனை பேருக்கு முன்னால் கால் மணி நேரம் ஏச்சு வாங்கினாளாம். பிரான்சிஸ்காவின் புருஷன் யாகோப்பு தேயிலை ஸ்டோரில் வேலை முடிந்து வந்து இதைச் சொன்னபோது, அவள் அடுப்பிலிருந்த ரொட்டியைத் திருப்ப மறந்துவிட்டாள்.

ஜீவராணி அவளுக்கு நெருங்கியவள் அல்ல. வாய் நீண்டவள் என்று லயத்து வீடுகளில் பேர். "டீச்சர் வாறது மூணு காம்பராவுக்கு முன்னயே தெரியும், தரை சொல்லும்" என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் சொல்லிச் சிரிப்பவள். அன்று பின்னேரம் பிரான்சிஸ்கா அவளைத் தேடிப்போனாள். ஜீவராணி லயத்துக்குப் பின்னால் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள். முழங்கையில் கானில் சிராய்த்த காயம் காய்ந்திருந்தது.

"ஏன் ஜீவராணி அப்புடி சொன்ன? நான் போயி உண்மைய சொல்லிடுறேன்."

"சொல்லி? ஒங்கள நிப்பாட்டுவாங்க. எவளாவது புதுசா வருவா. பன்னெண்டு புள்ளைக்கு எது புடிக்கும், எது வயித்துக்கு ஆகாதுன்னு அவளுக்குத் தெரியுமா? என்னய ஏசினா நான் இந்தக் காதுல வாங்கி மலையிலேயே கொட்டிட்டு வந்துருவேன்." புல்லை உதறிப் போட்டுவிட்டு அவள் நிமிர்ந்தாள். "ஆனா டீச்சர், அடுத்த தடவ நான் அந்த எடத்துல நிக்க மாட்டேன். அத மட்டும் நெனச்சுக்குங்க."

அதை நினைத்துக்கொண்டுதான் பிரான்சிஸ்கா அந்த வாரமே பசறை கிளினிக்குக்குப் போனாள். வெறும் வயிற்றில் சீனி இருநூற்றுப் பன்னிரண்டு. டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதினார். பர்ஸானா மிஸ் என்ற தாதிதான் உட்காரவைத்து, காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டாள். பிள்ளைகளின் மிச்சத்தைச் சொன்னபோது பேனாவை வைத்துவிட்டாள்.

"அக்கா, நீங்க தனி ஆளா சாப்புடல்ல. பதிமூணு பேரா சாப்புடுறீங்க."

"ஆண்டவர் தந்தத வீணாக்கக் கூடாதுன்னுதான் மிஸ்…"

"ஒங்க ஒடம்பையும் அவன்தானே தந்தான்? அத வீணாக்கலாமா?"

பதினெட்டு வருடமாகப் புண்ணியம் என்று எண்ணிச் செய்த காரியம் இது. அதில் கொஞ்சம் சோம்பலும் கொஞ்சம் ருசியும் கலந்திருந்ததை, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் அவள் ஒத்துக்கொண்டாள். மாத்திரையை ஒரு வேளையும் விடாதே, முதல் மாதம் நட, உடம்பு பழகியபின் மெதுவாக ஓடு, சப்பாத்து இல்லாமல் ஓடாதே, தினமும் பாதத்தைப் பார் என்று பர்ஸானா ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பினாள்.

மிச்சச் சோறு அன்றிலிருந்து ஒரு வாளிக்குள் போனது. வாளி பின்னேரம் ஜீவராணியின் மாட்டுக்குப் போனது. செவலை என்று அதற்குப் பேர். "டீச்சரோட பங்கு இப்ப செவலைக்கு" என்று பிள்ளைகள் கூவிக்கொண்டு வாளிக்குப் பின்னால் ஊர்வலம் போனார்கள். வீட்டில் மூன்று கோதுமை ரொட்டிக்குப் பதில் ஒரு குரக்கன் ரொட்டியும் வல்லாரைச் சம்பலும் வந்தன. யாகோப்பு ரொட்டியைத் தட்டிப் பார்த்தான். "இது ரொட்டியா, கூரைத் தகரமா?" என்றான். ஆனால் சாப்பிட்டான். தனக்கு வேறு ரொட்டி சுடச் சொல்லி ஒருநாளும் கேட்கவில்லை. அதற்காக அவனுக்குத் தெரியாமல் அவள் ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். சீனி போடாத தேத்தண்ணிதான் பெரிய பாடாக இருந்தது. முதல் ஒரு வாரம் கஷாயம்போல விழுங்கினாள். பிறகு ஒரு காலை, வாயில் ஏதோ புதிதாகத் தட்டுப்பட்டது. மெல்லிய துவர்ப்பு, அதற்கு அடியில் ஒரு வாசம். பிறந்ததிலிருந்து தேயிலைக்கு நடுவே இருப்பவள் தேயிலையின் ருசியை அன்றைக்குத்தான் அறிந்தாள்.

காலை ஐந்தரைக்கு நடக்கத் தொடங்கினாள். மகன் ஜெசிந்தன் பதுளையிலிருந்து கன்வஸ் சப்பாத்து வாங்கிவந்து தந்தான். யாகோப்பு நாய்க்குப் பயந்து கம்போடு பின்னால் வந்தான். மாரியம்மன் கோயிலடி வரை நடை. பிறகு ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓட்டம். பீலியடிப் பெண்கள் சும்மா இருப்பார்களா?

"டீச்சர், யாரு தொரத்துறா?"

"தொரத்துறது சீனி. புடிச்சா விடாது" என்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு ஓடினாள்.

"அண்ணே, அவங்க ஓடுறாங்க, நீங்க நடக்குறீங்க. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போறீங்க!" என்று யாகோப்பைக் கேலி செய்தார்கள். அது உண்மையாகவும் இருந்தது.

பனி இறங்கிய காலைகளில் ரோடு தெரியாது. அப்படி ஒரு நாளில்தான் றிகாஸின் ஆட்டோ பின்னால் வந்து, முந்திப் போகாமல், மெதுவாக உருண்டுகொண்டே வந்தது. ஆட்டோவின் வெளிச்சம் அவள் காலடியில் விழுந்தது. கோயிலடி வரை அப்படியே வந்தான். "போங்க தம்பி, பாண் ஆறிப்போகும்" என்றாள். "ஆறட்டும் டீச்சர்" என்றான். அந்தப் பின்னேரத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. அதன் பிறகு பனி நாட்களிலெல்லாம் அந்த வெளிச்சம் வந்தது. லயங்களில் ஒருத்தர் வீட்டுக்குப் போனால் சீனி போட்ட தேத்தண்ணியை மறுப்பது மரியாதை இல்லை. ஆனால் நாளாக ஆக, அவள் கேட்காமலே, "இது டீச்சருக்கு, சீனியில்லாத தேத்தண்ணி" என்று தனிக் கிளாஸ் வரத் தொடங்கியது. இத்தனை பேர் இத்தனை சின்னச் சின்னதாகத் தூக்கிவிட்டுத்தான் தன் கால்கள் ஓடுகின்றன என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

ஐப்பசியில் கிளினிக்கில் சீனி நூற்று முப்பத்தொன்று. பர்ஸானா அட்டையை இரண்டு தரம் பார்த்தாள். "மாத்திரைய விட்டுறாதீங்க. ஓட்டத்தையும்தான்" என்றாள். பிள்ளைக் காம்பரா முற்றத்தில் இப்போது ஓடிப்பிடித்தலில் டீச்சரும் ஒரு ஆள். டிலானியைப் பிடித்துத் தூக்கினால், "திரும்ப விடுங்க, திரும்ப ஓடுறேன்" என்று கத்துவாள்.

ஜீவராணிக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வாளிச் சோறு ஒரு கணக்கா? நன்றி என்று சொல்லப்போனால், "போங்க டீச்சர், வேல கெடக்கு" என்று திருப்பிவிடுவாள். அவள் தலைகுனிந்து நின்ற பெரட்டுக் களத்தைத் தினமும் தாண்டித்தான் பிரான்சிஸ்கா ஓடினாள்.

கார்த்திகையில் விடாத மழை. மழை விட்ட ஒரு காலை, யாகோப்புக்கு ஸ்டோரில் இரவு வேலை என்பதால் அவள் தனியாகக் கிளம்பினாள். றிகாஸும் இன்னும் வரவில்லை. கோயிலைத் தாண்டினால் புதிதாகத் தேயிலைக் கன்று நட்ட மலை. அங்கே வெளுத்துவரும் இருட்டில் செவலை நின்றுகொண்டிருந்தது. கழுத்தில் அறுந்த கயிறு தொங்கியது. போன மாதம்தான் ஆபீசில் சொல்லியிருந்தார்கள்: இளங்கன்றுக்குள் இனி மாடு கண்டால், அந்த மாடு தோட்டத்தில் இருக்கக் கூடாது. ஆறு மணிக்கு வாச்சர் வீரய்யா அந்தப் பக்கம் வருவார். செவலையின் பால் காசில்தான் ஜீவராணியின் மகள் பண்டாரவளையில் தங்கிப் படிக்கிறாள்.

கீழே, குறுக்குப் பாதையில், டார்ச் வெளிச்சம் ஒன்று ஏறத் தொடங்கியிருந்தது.

"செவல, வா… வாம்மா" என்று பிரான்சிஸ்கா மெல்லக் கூப்பிட்டாள். மாடு அவளைப் பார்த்தது. கையில் வாளி இல்லை என்று கண்டதும் திரும்பி மேலே ஓடியது. பிரான்சிஸ்காவும் ஓடினாள். சேறு வழுக்கும் சரிவில், கன்றுகளை மிதிக்காமல் வரிசைக்கு வரிசை தாண்டி, மாட்டுக்கு மேல்பக்கமாக வளைத்து ஓடினாள். ஒருமுறை முழங்காலில் விழுந்தாள்; எழுந்தாள். மூச்சு வாங்கியது, ஆனால் நெஞ்சில் முட்டவில்லை. கயிற்றின் நுனியைக் கையில் பிடித்தபோதுதான் ஏறிவந்த தூரத்தைத் திரும்பிப் பார்த்தாள். இறங்கும் வழியில் சாய்ந்து கிடந்த இரண்டு கன்றுகளை நிமிர்த்தி, மண்ணை அணைத்து அழுத்தினாள். மாட்டை இழுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்பக்கமாக இறங்கியபோது, மலையின் மறுபுறத்தில் வீரய்யா இருமும் சத்தம் கேட்டது.

கொட்டிலில் அறுந்த கயிற்றை இரட்டையாக முடிந்து கட்டினாள். விழுந்திருந்த மூங்கில் தடுப்பை எடுத்துச் செருகினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஜீவராணி எழுந்துவிட்டாள். அடுப்பை ஊதும் சத்தமும், ஈர விறகை ஏசும் குரலும் கேட்டன. ஒரு தட்டுத் தட்டினால் போதும். பிரான்சிஸ்கா தட்டவில்லை.

திரும்பும்போதுதான் செவலையின் வாயோரத்தைப் பார்த்தாள். இளந்தேயிலைக் கொப்பு ஒன்று, பாதி மென்றபடி, இன்னும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தாடையைப் பிடித்து அதை மெதுவாக உருவி எடுத்தாள். மாடு பெருமூச்சு விட்டது. அதன் ஆவி அவள் கையைச் சுற்றிக்கொண்டு போனது. எச்சில் வடியும் அந்தக் கொப்பை ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டு, கூரைத் தகரத்தின் இடுக்குகளில் புகை கசியத் தொடங்கிய லயங்களின் ஓரமாக அவள் ஓடத் தொடங்கினாள்.