கஷாயத்துக்குப் பின் ஒரு கிண்ணம் கஞ்சி

எங்கள் மாடியில் பதினான்கு குடும்பங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு கஷாயப் பானைதான் இருந்தது. அதை யார் வாங்கினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. கடைசியாக நோயில் விழுந்தவர் வீட்டில் அது இருக்கும். அடுத்து நோயில் விழுபவர் போய் எடுத்துக்கொள்வார். வாங்கிப் போனவர் மட்டும் அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கக் கூடாது. கொடுத்தால், பானையோடு நோயையும் அந்த வாசலில் இறக்கி வைத்ததாக அர்த்தம். தண்ணீர்க் குழாயடியில் தினமும் சண்டை போட்டுக்கொள்கிற எங்கள் ஆலைக் குடியிருப்பில்கூட அதை யாரும் செய்ததில்லை.

நான் செய்தேன்.

எண்பத்து நான்காம் ஆண்டு, மார்ச் மாதம். நான்சோங்கில் பட்டு நூலெடுக்கும் ஆலையில், வெந்நீரில் மிதக்கும் கூடுகளிலிருந்து இழை பிடிப்பது என் வேலை. எட்டு மணி நேரம் ஆவியில் நின்று சட்டை நனைய வெளியே வந்தால் ஜியாலிங் ஆற்றுக் காற்று நேராகக் கழுத்தில் அடிக்கும். அந்த மாதம் அது என்னைப் பிடித்துக்கொண்டது. பெரிய காய்ச்சல் இல்லை. ஆனால் கதவு திறந்தால் நடுங்கினேன். சும்மா உட்கார்ந்திருந்தாலும் கழுத்தில் குளிர்ந்த வேர்வை கசிந்தது. பத்து நாளாகியும் மூக்கடைப்பு விடவில்லை.

மூக்குதான் பிரச்சினை. அடுத்த திங்கட்கிழமை செங்டூவில் வானொலி நிலையத்தில் எனக்குக் குரல் தேர்வு. ஆலை ஒலிபெருக்கியில் மதியச் செய்தி வாசிக்கும் பெண் விடுப்பில் போனபோது மூன்று வாரம் நான் வாசித்தேன். அதைக் கேட்ட யாரோ என் பெயரை எழுதி அனுப்பியிருந்தார்கள். இருபத்தாறு வயதில் இப்படி ஒரு கடிதம் இன்னொரு முறை வராது. என் மூக்கோ 'ம'வையும் 'ப'வையும் ஒன்றாக்கிக்கொண்டிருந்தது.

ஆலை மருத்துவமனையில் டாக்டர் லாய் நாடி பார்த்து மூன்று பொட்டலம் எழுதித் தந்தார். ஹான் அரசர்கள் காலத்திலிருந்து மாறாத கஷாயம் என்றார். இலவங்கப்பட்டை மரத்தின் இளங்குச்சி, வெள்ளைப் பியோனிப் பூச்செடியின் வேர், வறுத்த அதிமதுரம், இஞ்சி, சிவப்பு இலந்தை. ஐந்தே சரக்கு. குடித்த கையோடு சூடாக நீர்க்கஞ்சி ஒரு கிண்ணம் குடித்து, போர்த்திப் படுக்க வேண்டும். உடம்பு முழுக்கப் பனி படிந்த மாதிரி வேர்க்க வேண்டும், ஓடக் கூடாது. வேர்த்துவிட்டால் மீதிப் பொட்டலம் தேவையில்லை. அவர் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். குறித்துக்கொண்டது பொட்டலங்களை மட்டும்தான்.

பானை அப்போது ஜியாவ் அத்தை வீட்டில் இருந்தது. புத்தாண்டு சமயத்தில் அவருடைய முழங்காலுக்காக வந்தது, அங்கேயே தங்கிவிட்டது. ஜியாவ் அத்தை எனக்கு அடுத்த வீட்டுக்காரர். ஏழு மாதமாக என்னோடு பேசுவதில்லை.

அவர் மகன் கெமிங்கை நான் கட்டிக்கொள்வதாக இருந்தது. பான்ஜிஹுவா இரும்பு ஆலைக்கு மாற்றலாகி, என்னையும் வரச் சொன்னான். எனக்குப் போகப் பிடிக்கவில்லை. அவன் நல்லவன், அதனால் சுற்றி வளைக்காமல் சொன்னேன். நிச்சயத்துக்குத் தந்த சிவப்பு மெத்தைப் போர்வையை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அதுதான் நேர்மை என்று நினைத்தேன். அதற்குள் இருந்த பட்டுப் பஞ்சை அத்தை மூன்று குளிர்காலமாகச் சேர்த்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் கதவைத் தட்டினேன். அத்தை என் முகத்தைப் பார்த்தார், மேல் அலமாரியைக் கையால் காட்டினார், உள்ளே போய்விட்டார். பானை கேட்டு வருபவரை மறுக்க முடியாது. நான் எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் அவர் தாழ்வாரத்தில் இருந்த மூங்கில் கூண்டிடம் குனிந்து, தன் கோழியோடு பேச ஆரம்பித்தார்.

"உனக்குப் போட்ட தவிட்ட நீ என்னைக்காவது திருப்பிக் குடுத்திருக்கியாடி? இல்லல்ல. உனக்கு இருக்கிற மரியாத சில பேருக்கு இல்ல பாரு."

ஏழு மாதமாக எனக்கான செய்திகள் எல்லாம் அந்தக் கோழி வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன.

செவ்வாய் ஒரு பொட்டலம், புதன் ஒரு பொட்டலம். தாழ்வாரம் முழுக்க இலவங்க வாசனை. எனக்கு எதுவும் நடக்கவில்லை. கஞ்சியை விட்டுவிட்டேன். என்னிடம் இருந்தது, தாழ்வாரத்தில் கதவோரம் வைத்த ஒரு வாய் அடுப்பு. கஷாயம் சுண்ட ஒரு மணி நேரம், அதன் பிறகு கஞ்சி வேக ஒரு மணி நேரம். கஞ்சி தயாராவதற்குள் கஷாயம் ஆறிவிடும். ஐந்து சரக்கும் சரியாக இருக்கும்போது வெறும் அரிசித் தண்ணீரால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை நான் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். வெளியே அத்தையின் குரல் கேட்டது.

"ரெண்டு நாளா கஷாயம் கொதிக்குது, மூக்கு மட்டும் அதே பாட்டுத்தான் பாடுது. மூக்கால பாடுறவங்களுக்கு ரேடியோவுல தனி நேரம் வெச்சிருப்பாங்களோ என்னமோ. நீ வேணா போய்ப் பாரேன்டி, உனக்கும் கிடைக்கும்."

தாழ்வாரத்தில் யாரோ சிரித்தார்கள். வெளியே வந்து, அடுப்பில் இருந்த பானையைக் காதைப் பிடித்துத் தூக்கினேன். முந்தின நாள் சக்கை அதற்குள்ளேயே கிடந்தது. நேராகப் போய் அத்தையின் வாசற்படியில் ணங்கென்று வைத்தேன்.

தாழ்வாரக் குழாயடியில் கீரை அலசிக்கொண்டிருந்த, எங்கள் மாடியிலேயே குடியிருக்கும் பெய் அக்கா அப்படியே நின்றுவிட்டார். அவர் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பானையை எடுத்துவிடும்படி தலையை மட்டும் அசைத்தார். எடுத்திருப்பேன். பானையின் காதில் கையும் வைத்துவிட்டேன். ஆனால் கதவு திறந்துவிட்டது.

அத்தை பானையைப் பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். என்னைப் பெற்றவர்கள் வரைக்கும் இழுப்பார், பதின்மூன்று வீடும் வெளியே வரும். அவர் மெல்லக் குந்தி உட்கார்ந்தார். முழங்கால் சொடுக்கியது. மூடியைத் திறந்து, கையில் இருந்த சாப்பாட்டுக் குச்சிகளால் சக்கையைக் கிளறினார். ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார்.

"இலவங்கக் குச்சி இருக்கு. வேர் இருக்கு. இலந்தையும் இருக்கு." தலை நிமிர்ந்தார். "கஞ்சி குடிச்சியா?"

ஏழு மாதத்தில் என்னிடம் அவர் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. இல்லை என்றேன். அடுப்பு ஒன்றுதான், நேரம் ஒத்துவரவில்லை என்றேன்.

"அரிசி வாசனையே வரலியேன்னு ரெண்டு நாளா பாக்கறேன். என் அடுப்பு உன் அடுப்புக்கு எவ்வளவு தூரத்துல இருக்கு?"

ஒன்றரை அடி இருக்கும்.

"எப்பிடி அத்த உங்ககிட்ட கேக்கறது?"

"பானைய வாசல்ல வெக்கத் தைரியம் இருக்கு. ஒரு கிண்ணம் கஞ்சி கேக்க இல்ல." அவரே பானையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். என் அடுப்பருகே வைத்தார். "இது இங்கதான் இருக்கும். இன்னொரு தடவ தூக்கிட்டு வந்தேன்னா உன் தலையிலேயே கவுத்துடுவேன். போய் மூணாவது பொட்டலத்தப் பிரி."

அன்று தாழ்வாரத்தில் இரண்டு அடுப்பும் சேர்ந்து எரிந்தன. கஷாயம் மூன்றில் ஒரு பங்காகச் சுண்டியபோது பக்கத்தில் அரிசி மலர்ந்திருந்தது. கஷாயத்தை அத்தை பார்க்கக் குடித்தேன். காரம், அதன் பின்னால் இலந்தையின் மங்கலான இனிப்பு. உடனே கஞ்சிக் கிண்ணம் கைக்கு வந்தது. ஊதிக் குடிக்க விடவில்லை. சூடு நெஞ்சிலிருந்து விரல் நுனிவரை போவது தெரிந்தது. கஷாயத்தை யாரோ உள்ளே கைபிடித்து அழைத்துப் போவது போல இருந்தது.

படுத்ததும் அத்தை என் போர்வையைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார். தன் அறைக்குப் போய், பாச்சை உருண்டை வாசனையோடு திரும்பினார். அதே சிவப்பு மெத்தைப் போர்வை.

"இது கடன்தான்," என்றார். "வேற எதுவும் நெனச்சுக்காத. கெமிங் அங்க ஒரு பொண்ணப் பாத்துட்டான். கிரேன் ஓட்டறாளாம். உன்னவிட உயரம்."

நல்லது என்றேன். உண்மையாகவே சொன்னேன். அவரும் அதைப் புரிந்துகொண்டவர் போல நாற்காலியில் உட்கார்ந்து அவரைக்காய் உரிக்கத் தொடங்கினார். நடு நடுவே புறங்கையால் என் நெற்றியைத் தொடுவார். "இன்னும் இல்ல," என்பார். அவரைக் கொட்டைகள் கிண்ணத்தில் விழும் சத்தத்தில் எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. விழித்தபோது கழுத்திலும் முதுகிலும் கணுக்காலிலும் மெல்லிய, வெதுவெதுப்பான ஈரம். ஜன்னல் அரை அடி திறந்திருந்தது. ஆற்றுக் காற்று வந்துகொண்டிருந்தது. நான் நடுங்கவில்லை.

மாலையில் அத்தை சக்கையைக் கீழே கொண்டுபோய்ப் பாதையில் கொட்டினார். மிதிப்பவர்கள் நோயை ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துப் போய்விடுவார்கள் என்பது எங்கள் ஊர் வழக்கம். அதனால் தெரிந்தவர்கள் தாண்டித்தான் போவார்கள். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன் துணிச் செருப்போடு அதன் நடுவில் நன்றாக மிதித்து நடந்து வந்தார்.

சனிக்கிழமை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அத்தை கை நீட்டினார்.

"சாவியக் குடுத்துட்டுப் போ. பானை உன் ரூம்ல இருக்கு. யாருக்காவது முடியலன்னா நா எப்பிடி எடுக்கறது?"

கொடுத்தேன்.

செங்டூவில் எனக்கு முன்னால் பதினொரு பேர். நதிப் போக்குவரத்து பற்றி ஒரு பக்கம் கொடுத்தார்கள். முதல் வரியில் நிறைய 'ம', நிறைய 'ப'. வாசித்தேன். ஒவ்வொன்றும் தனித்தனியாக, நின்று நிதானமாக வெளியே வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒரு சீட்டைத் தந்தார்.

செவ்வாய் மாலை ஊருக்குத் திரும்பி மாடி ஏறினேன். என் கதவு திறந்திருந்தது. பானை இல்லை. பெய் அக்கா வீட்டு அடுப்பிலிருந்து வேறு ஏதோ கஷாயத்தின் கசப்பு வாசனை வந்தது. அவர் கணவருக்கு இருமலாம். ஜியாவ் அத்தையின் அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு கிண்ணத்தை நிரப்பி, பெய் வீட்டுக்குக் கொண்டுபோகும்படி கையில் வைத்தார். பிறகு கூண்டின் பக்கம் திரும்பினார்.

"என்னடி, செங்டூல என்ன சொன்னாங்களாம்? கேட்டுச் சொல்லு."

கிண்ணம் சுட்டது. நானும் குனிந்து கோழியிடமே சொன்னேன்.

"ஒண்ணாந் தேதி வரச் சொல்லியிருக்காங்கடி. மூணு மாசம் பாத்துட்டு நிரந்தரமாக்குவாங்களாம்."

அத்தை கரண்டியை எடுத்து, கிண்டத் தேவையே இல்லாத கஞ்சியை இன்னொரு முறை கிண்டினார்.

"ஆறிடப் போகுது," என்றார், என்னைப் பார்த்து. "போய்க் குடுத்துட்டு வா. உனக்கும் எடுத்து வெக்கறேன்."