இதயத்துக்குக் கீழே இறங்காத கால்

மழைக்காலம் முடிந்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பெயிண்டர் தம்பியின் இடது கால் அவருடைய இதயத்துக்குக் கீழே இறங்க மறுத்துவிட்டது. அன்று தக்காளி விலை சற்று இறங்கியிருந்தது. கால் இறங்கவில்லை. அவர் வழக்கம்போலக் கட்டிலிலிருந்து எழுந்து நின்றார். வலது கால் தரையைத் தொட்டது. இடது காலோ உடம்போடு கூடவே மேலெழுந்து, நெஞ்சு உயரத்தில், ரயில்வே கேட்டின் குறுக்குக் கம்பம்போல நேராக நீண்டு நின்றது. அப்போது காபியுடன் உள்ளே வந்த அவருடைய மனைவி, தலையணைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் பணிபுரிபவர். எதையும் ஒருமுறை அழுத்திப் பார்க்காமல் நம்பாதவர்.

"காலை இறக்குங்க, காபி கொட்டிடும்."

"நான் எங்க தூக்கினேன்? அதுவா நிக்குது."

"அதுவா நிக்க அது என்ன கொடிக்கம்பமா?"

மனைவி ஒரு கையில் தம்ளரைப் பிடித்தபடி மறு கையால் காலை அழுத்தினார். தண்ணீருக்குள் அமுக்கிய வெற்றுக் குடத்தைப்போல அது சிறிது இறங்கி, கையை எடுத்ததும் மீண்டும் மேலே வந்தது. வேறு இடம் அருகில் இல்லாத காரணத்தால், காபித் தம்ளரைக் கணவரின் முழங்காலுக்குச் சற்று அப்பால், காலின் மேலேயே வைத்துவிட்டு அவர் வேலைக்குக் கிளம்பினார். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று என்பதை விளக்குவதற்கு, அந்த ஊரில் பெயிண்டர் அண்ணன், பெயிண்டர் தம்பி என்று அறியப்பட்ட சகோதரர் இருவரின் தொழில்முறையை முதலில் கூறுவது முறையாக இருக்கும். அண்ணனுக்குக் கழுத்து மேல்நோக்கித் திரும்பாது. தம்பியின் முதுகு குனிவதை விரும்பாது. ஆகையால் அவர்கள் ஊரிலுள்ள சுவர்களையெல்லாம் தங்களுக்குள் இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தரையிலிருந்து நெஞ்சு உயரம்வரை அண்ணனுடைய பாதி. கூரையிலிருந்து நெஞ்சு உயரம்வரை தம்பியுடைய பாதி. ஏற்பாடு மிகச் சிறந்ததுதான். ஆனால் தம்பி, அண்ணனைவிட நாலு விரல் உயரம். இரண்டு நெஞ்சுகளுக்கும் நடுவே நாலு விரல் அகலத்துக்கு யாருக்கும் சொந்தமில்லாத சுவர் ஒன்று இருந்தது. பல வருடங்களாக அண்ணன் குதிகாலை உயர்த்தி எட்டி அதையும் அடித்துக்கொண்டு வந்தார். தம்பி இதைக் கவனிக்கவில்லை. அண்ணனே கூடக் கவனிக்கவில்லை. பிறகு ஒரு வருடம் அவருக்குக் குதிகால் வலி வந்தது; அப்போதுதான் கவனித்தார்.

"இத்தனை வருஷமா நான்தான்டா எட்டிக்கிட்டு இருந்திருக்கேன். இனிமே நீ குனி."

"நான் எதுக்குண்ணே குனியணும்? நீங்க எட்டுறதுதானே வழக்கம்?"

அவர்கள் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த ஒரு பல் மருத்துவரின் அறையில், வாயைத் திறந்தபடி அமர்ந்திருந்த நோயாளி ஒருவரின் முன்னிலையில் நடந்த இந்த உரையாடலே சகோதரர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது. வீடுகள் எதிரெதிரே இருந்தும், அதன்பின் ஒருவர் வாசலுக்கு வந்தால் மற்றவர் உள்ளே போனார். இருந்தாலும் இருவரும் கண்ணியமானவர்கள். ஒருவர் பாதியில் மற்றவர் கைவைக்கவில்லை. வெள்ளையடிக்க விரும்பிய குடும்பங்கள் இருவரையும் தனித்தனி நாளில் அழைத்தன. இருவரும் தத்தம் நெஞ்சுவரை அடித்துவிட்டுக் கும்பிட்டு விடைபெற்றார்கள். இவ்வாறாக, ஊரிலுள்ள அத்தனை அறைகளிலும் நாலு விரல் அகலத்தில் வெற்றுப் பட்டை ஒன்று சுவரைச் சுற்றி ஓடியது. மக்கள் மெல்லப் பழகிக்கொண்டார்கள். அதில் தொலைபேசி எண்களை எழுதினார்கள், பிள்ளைகளின் உயரத்தைக் குறித்தார்கள். வெளியூரில் பெண் எடுத்தவர்களின் வீட்டுக்கு வந்த மருமகள்கள் மட்டும் கொஞ்ச நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இனி நோயைப் பற்றி. தம்பியின் இரும்பு ஏணியில் துருப்பிடித்த விளிம்பு ஒன்று இருந்தது. அது ஒருநாள் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே கிழித்தது. சுவரில் கீறல் விழுந்தால் தொழில் தெரிந்த பெயிண்டர் என்ன செய்வாரோ, அதையே அவர் செய்தார். கீறலுக்குப் பட்டி வைத்து நிரப்பினார். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கினார். மேலே பெயிண்ட் அடித்தார். வேலை மிக நேர்த்தியாக வந்திருந்தது. காயம் இருந்த இடமே தெரியவில்லை. சில நாட்களில் அவருக்குக் குளிர் காய்ச்சல் கண்டது; அந்த நடுக்கத்தில் கட்டிலே அறையின் மறுகோடிக்கு நகர்ந்துபோய்விட்டது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. பிழைப்பது கடினம் என்றார்கள். டாக்டரம்மா காலை உற்றுப் பார்த்து, நகத்தால் சுரண்டினார்.

"இது என்ன, ரெண்டு கோட் பெயிண்ட்டா?"

"ரெண்டு கோட்தான் டாக்டர்," என்றார் தம்பி, நினைவு தப்புவதற்கு முன். "ப்ரைமர் தனி."

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர் பல நாள் நினைவின்றிக் கிடந்தார். அந்நாட்களில் ஒரு மதியம், அவருடைய மனைவி மருந்து வாங்கிவரச் சென்ற நேரத்தில், யாரோ வந்து வீங்கிய காலை அழுத்திப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வீக்கத்தில் விரல் பதிந்தால் குழி விழும். சற்று நேரத்தில் மறைந்துவிடும் என்பது பொதுவான அனுபவம். இந்தக் குழி மறையவில்லை. நாலு விரல்கள் பக்கத்தில் பக்கத்தில் பதிந்திருந்தன; குழியின் அடியில் சாம்பல் நிறப் பெயிண்ட் லேசாக ஒட்டியிருந்தது. ஊரில் சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டுமே அடிக்கப்படும் நிறம் அது. மனைவி அதைப் பார்த்தார், போர்வையை இழுத்து மூடினார், எவரிடமும் சொல்லவில்லை.

கிருமி ஒழிந்தது. தம்பி பிழைத்து வீடு திரும்பினார். ஆனால் கால் மட்டும் இன்னும் நோயிலேயே இருப்பதைப்போலத் திண்டு மாதிரி உப்பிக்கிடந்தது. தொங்கப்போட்டால், உள்ளே கொதிநீரை ஊற்றிக் கட்டிவிட்டதைப்போல வலித்தது. கடுமையான தொற்றுக்குப் பிறகு இவ்வாறு நேர்வது உண்டு என்று டாக்டரம்மா ஆறுதல் கூறினார். "காலை இதயத்துக்கு மேல இருக்கற மாதிரி தூக்கி வைங்க. தொங்கப் போடவே கூடாது," என்றார். எப்போது நிறுத்தலாம் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார். மனைவியோ, போதும் என்று மேலதிகாரி சொல்லும்வரை தலையணைகளை அழுத்திக்கொண்டே இருக்கப் பழகியவர். தொழிற்சாலையில் தரம் குறைந்ததென ஒதுக்கப்பட்ட தலையணைகள் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்தன. கோணல் தலையணைகள், ஒருபக்கம் மட்டும் பஞ்சு உள்ள தலையணைகள், உட்காரும்போது பெருமூச்சு விடும் தலையணை ஒன்று. உட்கார்ந்தால், நின்றால், சாய்ந்தால், கால் அவற்றின் மேலேயே இருந்தது. மாதங்கள் கழிந்தன. கால் அந்த உயரத்துக்குப் பழகி, கடைசியில் தலையணைகளின் துணை தனக்குத் தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தது.

டாக்டரம்மா காலைத் தட்டிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். "ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. இது சொன்ன பேச்சைக் கேக்கற கால், அவ்வளவுதான்."

"எங்க வீட்ல சொன்ன பேச்சைக் கேக்கறது இது ஒண்ணுதான் டாக்டர்," என்றார் மனைவி.

"சரி, இனிமே இறங்கலாம்," என்று டாக்டரம்மா காலைப் பார்த்துக் கூறினார். காலோ முதலில் சொன்ன அறிவுரையையே கடைப்பிடித்தது.

படுத்திருக்கும்போது மட்டும் தம்பி மற்றவர்களைப்போல இருந்தார். இதயமும் காலும் அப்போது ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தன. எழுந்து தெருவில் நொண்டியடித்துப் போனால் கால் முன்னே போயிற்று, அவர் பின்னே போனார். சைக்கிள்காரர்கள் பழக்கதோஷத்தால் நின்று, ரயில் போகட்டும் என்று காத்திருந்தார்கள். கடைகளில் கால் முதலில் நுழைந்ததால், கடைக்காரர்கள் அதற்கே வணக்கம் சொன்னார்கள். இவையெல்லாம் தாங்கக்கூடியவைதாம். தாங்க முடியாதது என்னவென்றால், நீண்டு நிற்கும் காலுடன் ஏணி ஏற முடியாது. ஏணி ஏறாதவருக்கு அந்த ஊரில் மேல்பாதி இல்லை.

அந்த நேரம் பார்த்து ஊருக்குள் மெஷின்காரர் ஒருவர் வந்தார். சுவரைப் பாதி பாதியாகப் பிரிக்காமல் ஒரே வீச்சில் பெயிண்டைப் பீய்ச்சியடிக்கும் மெஷின் அவரிடம் இருந்தது. மருத்துவமனை நிர்வாகி அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மருத்துவமனையின் நீண்ட நடைக்கூடத்துச் சுவர்களிலும் அந்தப் பட்டை ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அது முழுச் சுவராக இருக்க வேண்டும். இல்லையேல் திங்கட்கிழமை மெஷின் வரும் என்று சகோதரர்கள் இருவருக்கும் தனித்தனியே, மிகுந்த மரியாதையுடன் சொல்லியனுப்பினார். மருத்துவமனை எதைச் செய்கிறதோ அதையே ஊரும் செய்யும் என்பது எல்லாருக்கும் தெரியும். மெஷின் ஒருமுறை வந்துவிட்டால் மேல்பாதியும் இல்லை, கீழ்ப்பாதியும் இல்லை. ஆகவே தம்பியின் மனைவி தெருவைக் கடந்து எதிர்வீட்டில் பெயிண்டர் அண்ணனின் கதவைத் தட்டினார்.

"மாமா, அவர் மேல்பாதியைத் தரையில நின்னே நீளக் கம்புல அடிச்சிடுவாரு. அந்த நாலு விரலை மட்டும் நீங்க..."

"அது அவன் குனிஞ்சா வரும்மா."

"அவரால இப்ப குனிய முடியாது மாமா. குனிஞ்சா குப்புற விழறாரு."

"என்னாலயும் எட்ட முடியாதும்மா. குதிகால்."

"முடியும்போது ரெண்டு பேரும் செய்யல. இப்ப ரெண்டு பேராலயும் முடியல. நல்லா இருக்கு உங்க நியாயம்." அவர் போவதற்குத் திரும்பி, நின்றார். "ஆமா, அன்னிக்கு ஆஸ்பத்திரியில அவர் காலை அமுக்கிப் பாத்தது யாரு மாமா?"

"யாராவது நர்சம்மாவா இருக்கும்."

"நர்சம்மா விரல்ல சாம்பல் கலர் பெயிண்ட் இருக்குமா?"

அண்ணன் ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, மீண்டும் கழுவப் பின்பக்கம் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் நடைக்கூடத்துக்கு வந்தார்கள். அண்ணன் தன் நெஞ்சுவரை அடித்தார். தம்பி, மனைவியின் தோளைப் பிடித்து ஒற்றைக் காலில் தாவித் தாவி, நீளக் கம்பில் உருளையை மாட்டித் தன் நெஞ்சுவரை அடித்தார். கால் சுவருக்கு இணையாக முன்னே நீண்டு, எதிரே வந்த செவிலியர்களை ஒதுங்கச் செய்தது. மதியத்துக்குள் இரண்டு பாதிகளும் முடிந்தன. நடுவே அந்தப் பட்டை, நடைக்கூடத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, முன்னெப்போதையும்விடத் தெளிவாகத் தெரிந்தது. நடமாட முடிந்த நோயாளிகள் வார்டு வாசல்களில் வந்து நின்று அதைப் பார்த்தார்கள். நிர்வாகி வந்து பார்த்தார். தொலைபேசியைக் கையில் எடுத்தார். அண்ணன் தன் வாளியைப் பார்த்தார். தம்பி தன் வாளியைப் பார்த்தார்.

அச்சமயம் தம்பியின் மனைவி, "எனக்குத் தோள் வலிக்குது," என்று சொல்லி ஓரடி விலகிக்கொண்டார்.

ஒற்றைக் காலில் நின்ற தம்பி சாய்ந்தார். அண்ணன் வாளியை விட்டுவிட்டு ஓடிவந்து, தன் தோளைக் கொடுத்துத் தாங்கினார். இருவரும் நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி நின்றார்கள். அப்போது கால் தன் நிலையைச் சற்று மறுபரிசீலனை செய்தது. இதயத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்றுதான் டாக்டரம்மா சொல்லியிருந்தார். இப்போது அருகிலேயே, நாலு விரல் தாழ்வாக, இன்னொரு இதயமும் துடித்துக்கொண்டிருந்தது. கால் மெதுவாக, யாரையும் கலவரப்படுத்தாமல் இறங்கியது. ஓர் இதயத்துக்குச் சற்றுக் கீழே, மற்றொன்றுக்குச் சற்று மேலே வந்து, பட்டைக்கு நேராக நின்றது.

அண்ணன் ஒரு கையால் தம்பியைத் தாங்கியபடி குனிந்து பிரஷ்ஷைப் பெயிண்டில் தோய்த்து, தம்பியின் நீட்டிய காலின் கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே செருகினார்.

"பிடிடா."

"பிடிச்சிட்டேண்ணே."

"ஆடாம வா."

"நீங்க ஆடாம நில்லுங்க முதல்ல."

தோளோடு தோளாக இருவரும் நடைக்கூடத்தின் முனைவரை போய், மறுபக்கச் சுவரை அடித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். கால் வைத்த மட்டம் ஓரிடத்திலும் பிசகவில்லை. நூல் பிடித்ததைப்போல வந்தது. நோயாளிகள் கைதட்டினார்கள். ஒரு முதியவர், தம் வார்டுக்கும் இதே காலைக் கொண்டு அடிக்க வேண்டும் என்று நிர்வாகியிடம் பணிவுடன் கேட்டுக்கொண்டார். நிர்வாகி தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். டாக்டரம்மா வந்து காலை அழுத்திப் பார்த்தார்.

"வீக்கம் குறைஞ்சிருக்கே! வலி?"

"பெயிண்ட் அடிக்கும்போது இல்லீங்க."

"அப்ப அடிங்க," என்றார் டாக்டரம்மா. இம்முறையும் எப்போது நிறுத்தலாம் என்று சொல்லவில்லை.

அடுத்த சில வருடங்களில் ஊரிலுள்ள எல்லாப் பட்டைகளும் நிரம்பின. அதில் தொலைபேசி எண்களை எழுதியிருந்தவர்கள் கொஞ்சம் சிரமப்பட்டார்கள். மெஷின்காரர் தம் மெஷினைத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கப் பயன்படுத்தி நன்றாகவே இருக்கிறார். அன்று தம்பி குனியவில்லை, அவன் கால்தான் குனிந்தது என்று அண்ணன் இன்றளவும் சொல்லி வருகிறார். கால் இறங்கவேயில்லை, அண்ணன்தான் பழையபடி குதிகாலை உயர்த்தினார் என்பது தம்பியின் தரப்பு. தம்பியின் மனைவி இரண்டு தரப்பையும் கேட்டுக்கொண்டே காய்ந்த துணிகளைக் காலிலிருந்து எடுத்து மடிக்கிறார். வீக்கம் சில மாலைகளில் வருகிறது, போகிறது. நாலு விரல் குழி மட்டும் அப்படியே இருக்கிறது. காலையில் எதிரெதிர் வீடுகளிலிருந்து மூவர் வேலைக்குக் கிளம்புகிறார்கள்: அண்ணன், தம்பி, கால். பேருந்தில் காலுக்கு ஜன்னலோர இருக்கையும் தம்பிக்கு அதற்கு அடுத்த இருக்கையும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அண்ணன் குதிகால் வலித்தாலும் பக்கத்தில் நின்றுகொண்டே வருகிறார். நிறுத்தங்களில் ஏறுபவர்கள் காலை இடித்துவிடாமல் பார்த்துக்கொள்கிறார்.